கருப்பு அத்தியா, பச்சை அத்தியா?

வடுகபட்டிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பூண்டுக்காக. வாரத்தில் இரண்டு நாள் சந்தை. கொடைக்கானல் மேல்மலையிலிருந்து மலைப்பூண்டு இறங்கும். வடநாட்டு மூட்டைகள் லாரியில் வந்து சேரும். அங்கே ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆனால் கொஞ்ச காலமாக, பூண்டு விலையைவிட என் வீட்டுப் பின்கட்டில் நிற்கிற அத்தியைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் விசாரிக்கிறார்கள். இரண்டு செடி. ஒன்று கருப்பாகப் பழுக்கும்; மற்றது பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். "எதுணே நல்லது? எதை வைக்கட்டும்?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். கருப்பில்தான் சத்து, கருப்புதான் இனிப்பு, பச்சை என்பது பழுக்காத காய். இப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. கம்பம் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது. 2023ல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்தது. திராட்சை என்றால் கருப்பு, நாவல் என்றால் கருப்பு, அத்தி மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கலாம்?

பூண்டுக் கடையில் உட்கார்ந்தவனுக்கு இந்த வாதம் எடுபடாது. வெள்ளை வெளேரென்று வருகிற வடநாட்டுப் பூண்டைவிட, புகையில் கட்டித் தொங்கவிட்டு நிறம் மங்கிப்போன மலைப்பூண்டுக்குத்தான் விலை கூடுதல். வாங்குகிறவர் தோலைப் பார்ப்பதில்லை. கையில் அழுத்திப் பார்த்து, ஒரு பல்லை உடைத்து முகர்ந்து பார்க்கிறார். அத்தியிலும் பார்க்க வேண்டிய இடம் வேறு. அது பழத்தின் அடியில் இருக்கிற சின்ன வாய். அதைச் சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

எந்த அத்தி?

நம் பக்கம் அத்தி என்றால் ஆற்றங்கரையிலும் கிணற்று மேட்டிலும் நிற்கிற நாட்டு அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும்; பழுத்தால் சிவக்கும். பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்த மரத்துப் பழத்தைத்தான். அது உண்மையும்கூட. அத்தியின் பூக்கள் எல்லாம் பழத்துக்கு உள்ளே, சுவரை ஒட்டி இருக்கின்றன. கடுகைவிடச் சிறிய குளவி ஒன்று அடிவாய் வழியாக நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே பெருகுகிறது. மரத்துக்கு அது இல்லாமல் விதை பிடிக்காது. குளவிக்கு இது இல்லாமல் குடும்பம் இல்லை.

வீட்டில் வைப்பது சீமை அத்தி. மேற்காசியாவில் மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கையிலெடுத்த பழமரம். எரிக்கோவுக்கு அருகே கில்கால் என்ற இடத்தில் கரிந்துபோன சின்ன அத்திப் பழங்கள் கிடைத்தன. சுமார் 11,400 ஆண்டுப் பழமை. அவை குளவி உதவியின்றியே பழுத்த வகை, குச்சி நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று 2006ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நெல்லும் கோதுமையும் வயலுக்கு வருமுன்பே அத்தி தோட்டத்துக்கு வந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி. அதை மறுப்பவர்களும் உண்டு.

நம் நர்சரிகளில் விற்கிற கருப்பு, பச்சை இரண்டுமே குளவி தேவைப்படாத இந்தச் சாதா வகையைச் சேர்ந்தவை. மகரந்தம் சேராமலே பழம் உருண்டு இனிக்கும். ஆகவே வீட்டு அத்திக்குள் குளவி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். என் மேலவீட்டு மதினி இன்னும் நம்பவில்லை. ஒவ்வொரு பழத்தையும் நான்காகப் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறார். அது எறும்புக்காகவாவது நல்ல பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

கருப்பு எங்கிருந்து வருகிறது

கருப்பு அத்தியின் நிறம் ஆந்தோசயனின் என்கிற நிறமி. நாவல், கத்தரிக்காய், பன்னீர் திராட்சை எல்லாவற்றின் தோலிலும் இருப்பது இதே குடும்பம். பச்சை வகையின் தோலில் இந்த நிறமி அநேகமாக இல்லை. இலையில் உள்ள பச்சையம்தான் அங்கேயும். பழுக்கும்போது அது குறைந்து மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தக் கருப்பு நிறம் ஏற வெயில் வேண்டும். இலை மறைவில் தொங்கிய பழம் ஒரு பக்கம் வெளுத்தே நிற்கும். பறவைக்குப் பயந்து காகிதப் பை கட்டினால் கருப்பு அத்தி கருக்காது. வெளிறிய ஊதாவாகவோ பழுப்பாகவோ நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே சதையின் சிவப்பு அதே அளவில் இருக்கும். தோலின் நிறத்துக்குத்தான் வெளிச்சம் வேண்டும். சதை அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆக, தோல் வேறு, சதை வேறு. வெளியே பச்சையாக இருந்து உள்ளே செக்கச்செவேலென்று இருக்கிற ரகம் உண்டு, ஏட்ரியாட்டிக் அப்படிப்பட்டது. வெளியே பச்சை, உள்ளே தேன்நிறம் என்பதும் உண்டு. கடோட்டா அந்த வகை. வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வெளிர் ரோஜா என்பது பிரவுன் டர்க்கி. தோலைப் பார்த்து ருசியைச் சொல்கிறவர் ஜோசியம்தான் சொல்கிறார்.

தட்டில் இரண்டு பழம்

காலையில் வெயில் ஏறுமுன் பறித்து, எவர்சில்வர் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கருப்புப் பழம் பம்பரம்போலக் காம்புப் பக்கம் குவிந்து, அடி அகன்று இருக்கும். காம்பருகே பச்சை கொஞ்சம் மிச்சம். கீழே வரவர மாநிறம், அடியில் ஊதா. தோலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நீளவாக்கில் வெடித்திருந்தால் பக்குவம் சரி. பிளந்தால் சதை வெளிர் சிவப்பு, நடுவில் கொஞ்சம் வெற்றிடம். கடித்தால் முதலில் தோலின் லேசான துவர்ப்பு, பிறகு வெல்லப்பாகு வாடை. விதை பல்லில் நறநறவென்று படும்.

பச்சைப் பழம் அதைவிடப் பெரிது. புல்பச்சையாக இருந்தது எலுமிச்சை மஞ்சளை நோக்கித் திரும்பியிருக்கும். தோல் மெத்து. பிளந்தால் ஓரத்தில் வெள்ளை வளையம், உள்ளே தேன்நிறத்தில் ரோஜா கலந்த சதை, வெற்றிடம் குறைவு. துவர்ப்பு இல்லை. இனிப்பு ஒரே சீராக, தேன் வாடையோடு வரும். முதல் பழம் தின்னும்போது கருப்புதான் ருசி என்று தோன்றும். அதில் துவர்ப்பும் இனிப்பும் சண்டை போடும். மூன்றாவது பழத்துக்குக் கை பச்சைக்குத்தான் போகும். என் வீட்டம்மாவின் தீர்ப்பு இன்னும் சுருக்கம்: "சும்மா திங்கக் கருப்பு, பாலுக்குப் பச்சை." பாலில் அடித்தால் கருப்பு அழுக்கு ஊதாவாகிறது, பச்சை சந்தன நிறத்தில் நிற்கிறது என்பது அவள் குறை. ருசியில் வித்தியாசம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணும்தானே குடிக்கிறது என்றாள்.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர்

வீட்டில் அத்தி வைக்கிறவருக்கு முதல் பகை நோயல்ல, பங்காளிகள். கொண்டைக்குருவி, மைனா, குயில், கிளி, அணில் எல்லாரும் நமக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடுவார்கள். பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும். பச்சை இலைக்கு நடுவில் கருக்கும் பழம் அவற்றுக்குப் பந்தி போட்டாயிற்று என்ற அறிவிப்பு. பச்சை அத்தி இலையோடு இலையாகத் தொங்குவதால் பறவைக் கண்ணுக்கு அவ்வளவு சுலபமாக அகப்படுவதில்லை. என் பின்கட்டில் கொண்டைக்குருவி கருப்பைக் கொத்திய அளவுக்குப் பச்சையைத் தொட்டதில்லை.

ஆனால் இந்த மறைவு பகலில் மட்டும்தான் செல்லும். பழந்தின்னி வௌவால் மூக்கை நம்பி வருகிறது. அதற்குப் பச்சையும் ஒன்று, கருப்பும் ஒன்று. கனிந்த பழத்தை மாலையில் மரத்தில் விட்டுவைத்தால் காலையில் காம்புதான் மிஞ்சும். அணிலும் ஒருமுறை ருசி கண்டுவிட்டால் நிறம் பார்ப்பதில்லை. ஆகையால் கருப்பு வைக்கிறவர் செடிக்கே வலை போட வேண்டும். பச்சை வைக்கிறவர் மாலையில் ஒரு நடை போய்ப் பறித்துவிட வேண்டும். பழத்துக்குப் பழம் உறை கட்டுவதானால் காகிதத்தைவிட மெல்லிய வலைத்துணிப் பை நல்லது. காற்றும் வெளிச்சமும் போகும், கருப்பும் ஏறும்.

மறைவுக்கு ஒரு விலை உண்டு. பச்சை எப்போது பழுத்தது என்று நமக்கும் தெரியாது. அத்தியைப் பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது. மாம்பழத்துக்குப் போடுகிற வைக்கோல் வித்தை இதில் செல்லாது. காயாகப் பறித்தால் கொஞ்சம் மெத்தாகும், இனிப்பு ஏறாது. காம்பில் பால் வடியும்; அந்தப் பாலில் புரதத்தைக் கரைக்கிற ஃபிசின் என்ற நொதி இருப்பதால் உதடும் நாக்கும் எரியும். பச்சை அத்தியில் மூன்று அடையாளம் பாருங்கள். விறைத்து நின்ற காம்பு தளர்ந்து பழம் தலைகவிழ வேண்டும். இரண்டு விரலால் பிடித்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். பறித்தால் பால் வடியக் கூடாது. இந்த மூன்றும் கருப்புக்கும் பொருந்தும். கருப்பில் நிறமும் சேர்ந்து சாட்சி சொல்கிறது. சிறுபிள்ளைகள், வயதானவர்கள் பறிக்கிற வீட்டுக்கு இது பெரிய வசதி.

காய் வந்து வெகுநாள் அப்படியே நிற்கிறதே என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அத்திக்காய் மூன்று கட்டமாக வளர்கிறது. முதலில் சரசரவென்று பெருக்கும். பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். கடைசியில் சில நாளிலேயே உப்பி, மெத்தாகி, இனித்துவிடும். நடுக்கட்டத்தில் உரத்தைக் கொட்டுவதும் தண்ணீரை விட்டுத் தள்ளுவதும் வீண். ஓய்வு முடியும் நேரத்தில் பழத்தின் வாயில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி முன்கூட்டியே பழுக்கவைப்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் பழைய வழக்கம். அங்கே ஆலிவ் எண்ணெய். எண்ணெய் பட்டதும் பழம் எத்திலீன் வாயுவை விடுகிறது, அதுதான் பழுக்கவைக்கிறது.

பழத்தின் வாயைப் பாருங்கள்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அத்திப் பழத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு துளை தெரியும். குளவி நுழைவதற்காக இயற்கை விட்டுவைத்த வழி அது. நம் ரகங்களுக்குக் குளவி தேவையில்லை, ஆனாலும் வழி அடைபடவில்லை. அந்த வழியாக எறும்பு, பழ ஈ, சிறுவண்டு எல்லாம் போகும். மழை பெய்தால் தண்ணீரும் இறங்கும். உள்ளே சர்க்கரை, கூடவே ஈ கொண்டுவந்த ஈஸ்ட். இரண்டே நாளில் பழம் புளித்து, வாயில் நுரை தள்ளி, கள் வாடை அடிக்கும். வீட்டு அத்தி வீணாவதில் பெரும்பங்கு இந்த வாயால்தான்.

சில ரகத்துக்கு வாய் இறுக்கமாக இருக்கும். கடோட்டாவில் பழுக்கும்போது அந்த இடத்தில் தேன் துளிபோல ஒன்று திரண்டு வழியையே அடைத்துவிடும். பிரவுன் டர்க்கியின் வாய் கொஞ்சம் அகலம். இதை வைத்துப் பச்சைக்கெல்லாம் இறுக்கம், கருப்புக்கெல்லாம் அகலம் என்று சட்டம் போட்டுவிடக் கூடாது. செலஸ்ட் என்ற ஊதா ரகத்துக்கு வாய் நன்றாக மூடியிருக்கும். ஆகவே செடி வாங்கப் போகிற இடத்தில் காய்த்த தாய்ச்செடி இருந்தால், பழத்தின் நிறத்தைக் கேட்பதற்கு முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். பெரிய வாயுள்ள ரகத்தை மழைக்காலத்தில் காய்க்கவிட்டால் கூடைக்குப் போவதைவிடக் குப்பைக்குப் போவது அதிகம்.

நம் பக்கத்து மழைக் கணக்கு இதனால்தான் முக்கியம். கொடைமலை அடிவாரத்தில் இருக்கிற பெரியகுளம், வடுகபட்டிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. கம்பம், கூடலூர் பக்கம் ஆனி பிறந்தால் மலை தாண்டிச் சாரல் வந்துவிடும். அத்தி பெரும்பாலும் புதுக்கிளையின் இலைக்கக்கத்தில் காய்க்கிறது. அதாவது, நாம் எப்போது வெட்டுகிறோமோ அதை வைத்துத்தான் எப்போது பழம் என்பது முடிவாகும். அடைமழை ஓய்ந்ததும் மார்கழியில் கவாத்து செய்தால் மாசியில் காய் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் பழம் வரும். நடுவில் கோடைமழை ஒன்றிரண்டு மிரட்டும், அவ்வளவுதான். ஆடி, ஆவணியில் வெட்டினால் பழம் நேராக அடைமழையில் போய் மாட்டும்.

மழையோடு வருகிற இன்னொரு தொல்லை துரு நோய். இலையின் அடியில் செங்கல் பொடி தூவியதுபோல வரும். இலை பழுத்துக் கொட்டும். கருப்பு, பச்சை என்று அது பாகுபாடு காட்டுவதில்லை. விழுந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துவது, செடிக்குள் காற்றோட்டம் இருக்கும்படி கிளையை எண்ணி விடுவது, இலையில் படாமல் வேரில் தண்ணீர் ஊற்றுவது ஆகிய மூன்றும் மருந்தைவிட முந்தி.

சத்துக் கணக்கு

சத்து விஷயத்தில் கருப்புக் கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. 2006ல் இஸ்ரேலில் கருப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆறு ரக அத்தியை ஆய்ந்து பார்த்தார்கள். ஆந்தோசயனினும், அதைச் சேர்ந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களும் மிஷன் என்ற கருப்பு ரகத்தில்தான் அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. தோலை உரித்துவிட்டுத் தின்கிறவர் கருப்பு வாங்கிப் பிரயோஜனமில்லை.

மற்றபடி நார்ச்சத்து, சுண்ணாம்பு, பொட்டாசியம் எதுவும் தோலின் நிறத்தைக் கேட்டு வருவதில்லை. அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியல்படி 100 கிராம் புதுப்பழத்தில் சுமார் 16 கிராம் சர்க்கரை, 3 கிராம் நார், 35 மில்லிகிராம் சுண்ணாம்பு. அதே 100 கிராம் உலர்பழத்தில் சர்க்கரை 48 கிராம், நார் 10 கிராம், சுண்ணாம்பு 162 மில்லிகிராம். தண்ணீர் போய்விட்டதால் எல்லாம் கூடித் தெரிகிறது. சர்க்கரையும் கூடவே கூடுகிறது. நீரிழிவுக்காரர் "அத்திதானே" என்று தேனில் ஊறியதைக் கையளவு அள்ளுவது மருந்தல்ல, வம்பு.

கருப்பில்தான் சத்து என்று சொல்லிக்கொண்டே கடையில் உலர் அத்தி வாங்குகிறோமே, அது பெரும்பாலும் எந்த நிறப் பழம் தெரியுமா? பச்சை மஞ்சள் பழம். துருக்கியின் அய்தின் பக்கத்தில் காய்கிற சாரிலோப், ஈரானின் எஸ்தபான் பக்கத்தில் காய்கிற சப்ஸ் இரண்டுமே வெளிர்தோல் ரகங்கள். காய்ந்தபின் பழுப்பாகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

அந்த உலர்பழத்தின் விதையைப் போட்டு முளைக்கவைத்து, "அண்ணே, காய்க்குமா?" என்று கொண்டுவருகிற தம்பிகள் சந்தையில் உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ரகத்துக்குக் குளவி இல்லாமல் பழம் நிற்காது. அமெரிக்காவில் 1880களில் இந்தக் குச்சிகளை ஆசையாகக் கொண்டுபோய் நட்டார்கள்; மரம் வளர்ந்தது, காய் வந்தது, பழுக்காமலே உதிர்ந்தது. கலிபோர்னியாவில் ஃபிரஸ்னோ ஊர்க்காரர் ஜார்ஜ் ரோடிங் 1899ல் குளவியை நிலைபெறவைத்த பிறகுதான் பழம் நின்றது. நம் நாட்டு அத்தியில் இருக்கிற குளவி வேறு இனம். அது இந்த வேலைக்கு வராது. விதையிலிருந்து வருவதில் பாதி ஆண்செடியாகவும் போய்விடும். அத்தியைக் குச்சியிலோ பதியனிலோதான் வாங்க வேண்டும்.

பெயர்ச்சீட்டை நம்பலாமா?

நர்சரிகளில் கருப்புக்கு பிரவுன் டர்க்கி, பூனா என்றும், பச்சைக்கு டயானா என்றும் சீட்டுக் கட்டியிருப்பார்கள். பூனா என்பது நம் நாட்டிலேயே நன்றாக வேரூன்றிய ரகம். கருப்பு என்பதைவிட ஊதா கலந்த பழுப்பு. மகாராஷ்டிராவில் புனே அருகே புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே கஞ்சாம் அத்திக்குப் பழைய பெயர். டயானா, கொனாட்ரியா, எக்செல் என்ற பச்சை ரகங்கள் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் கலப்பில் பிறந்தவை. அத்தி ரகங்களையெல்லாம் தேடித் தொகுத்து 1955ல் பெரிய நூல் எழுதிய ஐரா காண்டிட் தொடங்கிவைத்த வேலை அது. இன்று பெல்லாரிப் பக்கம் டயானாவைத் தோட்டமாகவே பயிரிடுகிறார்கள்.

ஆனால் சீட்டில் எழுதியிருப்பதும் செடியில் காய்ப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அத்திக்கு ஊருக்கு ஒரு பெயர், கைமாறும்போது இன்னொரு பெயர். கன்றில் இலையை வைத்து ரகத்தை உறுதி செய்வதும் கடினம். முடிந்தால் காய்த்து ருசி பார்த்த வீட்டுச் செடியிலிருந்தே குச்சி கேட்டு வாங்குங்கள். பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், கவாத்து நேரத்தில் வெட்டிய முற்றிய குச்சி போதும். மண்ணில் முக்கால் பாகம் புதைத்து நிழலில் வைத்தால் வேர் விடும். காசு கேட்காமல் பெருகுகிற பழச்செடி இதைப்போல வேறில்லை.

வைக்கிற இடம், வெட்டுகிற கை

மாடியானாலும் தரையானாலும் நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். தொட்டி என்றால் இரண்டு குடம் கொள்ளுகிற அளவாவது இருக்கட்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம பாகம். ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. நான் மேலே மூடாக்காகப் பூண்டுச் சருகு போடுகிறேன். எங்கள் ஊரில் அது காசில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். உங்கள் ஊரில் எது மலிவோ அதைப் போடுங்கள். தண்ணீர் ஒரே சீராகப் போக வேண்டும். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். தோல் மெல்லிய ரகம் முதலில் வெடிக்கும்.

தரையில் வைக்கிறவர்கள் கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய், சுவர் இவற்றிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். அத்தி வேர் ஈரம் தேடி எங்கும் போகும். தக்காளி, கத்தரி போட்ட மண்ணில் நடாதீர்கள். அந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் அத்திக்கும் அது எமன். செடி காரணமில்லாமல் சோர்ந்து நின்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக முடிச்சு தெரியும். செண்டுப்பூவை ஊடே நடுவது உதவும். நாட்டு அத்தி வேர் இந்தப் புழுவைத் தாங்கும் என்பதால் அதன்மேல் சீமை அத்தியை ஒட்டுக்கட்டுகிற முறையும் உண்டு. சந்தேகமிருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிப் பக்கம் ஒரு எட்டுப் போய்க் கேளுங்கள். ஊருக்கெல்லாம் பி.கே.எம்.1 செடிமுருங்கையைக் கொடுத்த இடம் அது.

கவாத்து செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அத்திப் பாலிலும் இலையிலும் சோரலென் போன்ற பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் இரண்டொரு நாளில் சிவந்து கொப்புளம் வரும். ஆறினாலும் கருந்தழும்பு பல வாரம் இருக்கும். கருப்புச் செடி, பச்சைச் செடி இரண்டும் இதில் ஒரே சாதி. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, சாயங்காலத்தில் வெட்டுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள்.

எதைத்தான் வைப்பது?

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம், அத்தி வளர்ப்பது இதுவே முதல் தடவை என்றால் கருப்பை வையுங்கள். பிரவுன் டர்க்கி கடுமையாக வெட்டினாலும் தழைத்துக் காய்க்கும். பழுத்ததைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். வலைக்குக் கொஞ்சம் காசு ஒதுக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் தோப்பு, பறவை நடமாட்டம் அதிகம், மழைக்காலத்திலும் பழம் நின்றுகொண்டே இருக்கும் என்றால் வாய் இறுகிய பச்சை ரகம்தான் உங்களுக்கு. அதைத் தொட்டுப் பார்த்துப் பறிக்கிற பொறுமை மட்டும் வேண்டும். இரண்டுக்கும் இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டையும் வையுங்கள்.

மார்கழிக் கவாத்தில் என் செடிகளில் குச்சி மிஞ்சும். சந்தை நாளில் வடுகபட்டிப் பக்கம் வருகிறவர்கள் ஒரு ஈரச் சாக்குத் துணியோடு வாருங்கள். கருப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று கட்டித் தருகிறேன்.